ஆட்டம் உள்ள நாள்

ஆட்ட நாளன்று அவர் சவரம் செய்துகொள்வதில்லை. ஆஸ்டின் டவுனில் உள்ள அந்தச் சிறிய வீட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். 2016 நவம்பர் 5 அன்று உறவில் ஒரு கல்யாணம். மருமகள் வற்புறுத்தியதால் காலையில் முகத்தை மழித்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். அன்று இரவு தோஹாவில் நடந்த ஏ.எஃப்.சி. கோப்பை இறுதி ஆட்டத்தில் பெங்களூர் எஃப்.சி. ஈராக்கின் விமானப்படை அணியிடம் ஒரு கோலில் தோற்றது. "அதுக்கு உங்க பிளேடா காரணம், மாமா?" என்று மருமகள் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் 2019 மார்ச் 17 அன்று மும்பையில் கோவா அணியை எதிர்த்து ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம் நடந்தபோது அவர் முகத்தில் மூன்று நாள் தாடி இருந்தது. கூடுதல் நேரத்தில் ராகுல் பேக்கே தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனதும் அவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையே போதும். அதற்குப் பிறகு யாரும் அந்தச் சட்டத்தைக் கேள்வி கேட்டதில்லை.

வயது எழுபத்தைந்து. அரசுத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பீரோவின் மேல் தட்டில், பாஸ்புக்குக்கும் பென்ஷன் காகிதங்களுக்கும் பக்கத்தில், ஒரு நீலநிறத் துண்டு மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஆட்ட நாளில் மட்டும் அது வெளியே வரும். மத்தியானச் சாப்பாடு வழக்கத்தைவிடக் குறைவு. நாலரை மணிக்கு விவேக்நகர் குழந்தை ஏசு கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி. அவர் கிறிஸ்தவர் அல்ல. அந்தக் கோயிலுக்கு வருகிறவர்களில் பலரும் அப்படித்தான். ஏழரை மணி ஆட்டத்துக்கு ஐந்து மணிக்கே பேத்தியோடு நடக்க ஆரம்பித்துவிடுவார்.

கண்டீரவா ஸ்டேடியத்துக்கு ஆட்டோவில் போனால் இருபது நிமிடம். அவர் போவதில்லை. வழியில் அவர் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். அசோக் நகரில், கருடா மாலுக்குச் சற்றுத் தள்ளி, பழைய பெங்களூர் கால்பந்து ஸ்டேடியம் இருக்கிறது. அதன் இரும்புக் கேட்டில் உள்ளங்கையை ஒரு நொடி வைத்துவிட்டு நகர்வார். சின்ன வயதில் பேத்தியும் அப்படியே செய்தாள். கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் நோட்டம் விட்டுவிட்டுத் தொடுகிறாள்.

பெங்களூர் என்றால் மற்றவர்களுக்கு மல்லேஸ்வரம், மசால் தோசை, கம்ப்யூட்டர் கம்பெனிகள். அவர் வளர்ந்த பெங்களூர் வேறு. வெள்ளைக்காரன் 1809-ல் தண்டு அமைத்தபோது மதராஸ் ராணுவத்தோடு சிப்பாய்களாகவும் சமையல்காரர்களாகவும் கொத்தனார்களாகவும் வந்து இறங்கிய தமிழர்களின் பெங்களூர் அது. அல்சூர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன், கௌதமபுரம் என்று நீளும் அந்தத் தெருக்களுக்கு ராணுவம் விட்டுப்போன சொத்துகளில் ஒன்று கால்பந்து. சோல்ஜர்கள் பூட்ஸ் போட்டு ஆடினார்கள். வேலி ஓரம் நின்று பார்த்தவர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். கொஞ்ச காலத்தில் வெறுங்கால் பூட்ஸைத் தோற்கடிக்கவும் கற்றுக்கொண்டது. 1937-ல் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ்.

அவருடைய அப்பா அடிக்கடி சொன்ன கதை 1948-ஐப் பற்றியது. சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து இந்தியா ஆடியது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின. 2-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் போட்ட முதல் கோல் அது. அதே அணியில் கோல் கீப்பர் வரதராஜ், தன்ராஜ், பஷீர், அகமது கான் என்று இந்த ஊர்க்காரர்கள் வரிசையாக இருந்தார்கள். பந்தைக் காலில் வைத்து வளைந்து நெளிந்து போவதைப் பார்த்து அகமது கானுக்குக் கல்கத்தாக்காரர்கள் 'பாம்பாட்டி' என்று பெயர் வைத்தார்கள். அவரும் தன்ராஜும் ஈஸ்ட் பெங்கால் அணியின் புகழ்பெற்ற 'பஞ்ச பாண்டவர்'களில் இருவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் அருமைநாயகம். ஒரு ஊரில், அதிலும் சில தெருக்களில், இத்தனை பேர்.

ஆட்டத்துக்குப் போவது என்றால் அன்றைக்கு வேறு மாதிரி. ஐ.டி.ஐ.யும் எச்.ஏ.எல்.லும் மோதுகிற நாளில் ஷிஃப்ட் முடிந்த தொழிலாளர்கள் சாப்பாட்டு டப்பாவோடு நேராக மைதானத்துக்கு வருவார்கள். காகிதப் பொட்டலத்தில் வறுத்த கடலைக்காய். சிமென்ட் படிகளில் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு இடம் உண்டு. அல்சூர்க்காரர் இடத்தில் ஆஸ்டின் டவுன்காரர் உட்கார மாட்டார். சத்தம் கிடையாது என்று சொல்ல முடியாது. ஆனால் சேர்ந்து கத்துகிற வழக்கம் இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக, பெயர் சொல்லி, ஆட்டக்காரனைத் திட்டுவார்கள். அவன் பக்கத்துத் தெருக்காரன். நாளைக் காலை குழாயடியில் பார்க்க வேண்டியவன். அதனால் திட்டுக்கும் ஒரு அளவு இருந்தது.

அந்த ஆட்டங்களில் கோப்பையைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருந்தது. நன்றாக ஆடுகிற பையனுக்கு ஃபேக்டரியில் வேலை. வேலை என்றால் குவார்ட்டர்ஸ், பி.எஃப்., பெண் கொடுக்க முன்வரும் வீடு. ஒரு தெருவின் தலையெழுத்து தொண்ணூறு நிமிடத்தில் மாறக்கூடும். அவரும் ஆடினார். லெஃப்ட் பேக். பத்தொன்பது வயதில் முழங்கால் போயிற்று. ஃபேக்டரிக்குள் அப்ரண்டிஸாக நுழைந்தார், ஆட்டக்காரராக அல்ல. வருஷக்கணக்கில் வேறு பையன்கள் ஆடுவதை ஓவர்டைம் இல்லாத நாட்களில் படியில் உட்கார்ந்து பார்த்தார்.

பிறகு அதுவும் குறைந்தது. மைசூர் மாநிலம் சந்தோஷ் கோப்பையை நான்கு முறை வென்றது. கடைசி முறை 1968-69. அடுத்த வெற்றிக்கு 54 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்றுதான் கர்நாடகம் அந்தக் கோப்பையை மீண்டும் தொட்டது. இடைப்பட்ட காலத்தில் 1983 வந்தது, கபில்தேவ் வந்தார், கலர் டி.வி. வந்தது. அவருடைய மகன் கிரிக்கெட் மட்டையோடு வளர்ந்து சாஃப்ட்வேருக்குப் போனான். படிகளில் கூட்டம் மெலிந்தது. அவரும் போவதை நிறுத்தினார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்க்கவில்லை.

2013 செப்டம்பர் 22. புதிதாகத் தொடங்கப்பட்ட பெங்களூர் எஃப்.சி.யின் முதல் ஆட்டம். எதிரில் மோகன் பகான். பழைய அசோக் நகர் மைதானம்தான். ஏழு வயதுப் பேத்தியை அழைத்துக்கொண்டு, பழைய இடத்தைத் தேடிப் போனார். மேற்குப் பக்கப் படிகளில் முன்பின் பார்த்திராத இளைஞர் கூட்டம். நீலச் சட்டை. கழுத்தில் துண்டு. நம் ஊர் வெயிலில் கழுத்துக்கு எதற்குத் துண்டு என்று அவர் நினைத்தார். அதைவிடப் பெரிய குற்றம், யாரும் உட்காரவில்லை. பந்து மறைகிறதே என்று அவர் முன்னால் நின்ற பையனின் தோளைத் தட்டினார். "அங்கிள், இங்க நின்னுதான் பாக்கணும்" என்றான் அவன், மிகவும் மரியாதையாக.

"ஆட்டம் பாக்க வந்தானுங்களா, கூத்துக் கட்ட வந்தானுங்களா?" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அடித்த கோலைவிட அவர்கள் கத்தியது அதிகம். தன் அணி பந்தை இழந்தாலும் பாடுகிறார்கள். ஆட்டக்காரனைத் திட்டுவதே இல்லை. திட்டாமல் எப்படித் திருந்துவான்? ஆட்டம் 1-1 என்று முடிந்தது. அன்று பகான் போட்ட கோல் ஊட்டிப் பையன் சபீத்துடையது என்பதில் அவருக்கு ரகசிய சந்தோஷமும் இருந்தது. பேத்திக்கு வேறு சந்தோஷம். ஒரு அக்கா அவளைத் தூக்கி முரசு அடிக்க விட்டிருந்தாள்.

அந்த இளைஞர் கூட்டத்துக்கு அவர்கள் நின்ற படிகளின் பெயரே நிலைத்தது: வெஸ்ட் பிளாக் புளூஸ். முதல் பருவத்திலேயே அணி ஐ-லீகை வென்றது. அடுத்த பருவத்தில் ஆட்டங்கள் கண்டீரவா ஸ்டேடியத்துக்கு மாறின. பெயரும் கூடவே போயிற்று. வழக்கங்களும் போயின. ஆட்டம் தொடங்கும் முன்பே முரசு. தொண்ணூறு நிமிடமும் நிற்பது. தோற்றாலும் கலையாமல் இருப்பது. கடைசி விசில் ஊதிய பிறகு ஆட்டக்காரர்கள் ஓடுபாதையைத் தாண்டி அந்தப் பகுதியின் முன்னால் வந்து நிற்பார்கள். முரசு ஒரு முறை அதிரும். இரு பக்கமும் சேர்ந்து ஒரே கைதட்டல். மீண்டும் முரசு. மீண்டும் ஒரே கைதட்டல். மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும். அணித் தலைவராக இருந்த சுனில் சேத்ரியும் மேல்படியில் நிற்கும் கல்லூரிப் பெண்ணும் ஒரே தாளத்துக்குக் கை தட்டுவது இந்தியாவில் மற்ற எந்த ஆட்டத்திலும் எளிதில் காண முடியாத காட்சி.

இதெல்லாம் எங்கிருந்தோ கடன் வாங்கியது என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மைதான். கழுத்துத் துண்டு இங்கிலாந்தின் குளிரிலிருந்து வந்தது. நின்றுகொண்டே பார்ப்பதை ஒரு விரதமாகவே கடைப்பிடிப்பவர்கள் அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். அங்கே கால்பந்து என்றால் கையில் பிடித்து ஓடும் வேறு ஆட்டம். 1922-ல் அந்தக் கல்லூரி அணியில் காயங்கள் அதிகமானபோது, பார்வையாளர் பகுதியில் இருந்த மாணவர் ஒருவர் உடுப்பு மாட்டிக்கொண்டு, தேவைப்பட்டால் இறங்கத் தயார் என்று கோட்டோரம் நின்றார். இறங்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கல்லூரி மாணவர்கள் தங்களைப் பன்னிரண்டாவது ஆள் என்று சொல்லிக்கொண்டு ஆட்டம் முழுக்க நிற்கிறார்கள். பேத்தி இதை எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னபோதுதான் அவருக்கு நிற்பதன் அர்த்தம் விளங்கியது. கூப்பிட்டால் இறங்கத் தயார் என்பதற்கு அடையாளம். முழங்கால் போனவருக்கு அது பிடித்திருந்தது. அதற்குப் பிறகு உட்காரும்படி யாரிடமும் அவர் சொன்னதில்லை.

கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுகிற கோஷங்களில் அவர் முதலில் கற்றுக்கொண்டது ஒன்றைத்தான். 'நம்ம ஊரு பெங்களூரு.' அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. 'நம்ம'வும் 'ஊரு'ம் கன்னடத்திலும் அதுதான், தமிழிலும் அதுதான். எந்த மொழியில் கத்துகிறோம் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

தெரிந்துதான் ஆக வேண்டும் என்று சில நாட்கள் வந்தன.

1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவுக்குப் பிறகு நடந்த கலவரத்தை அவர் மறக்கவில்லை. இரண்டு இரவுகள் விளக்கை அணைத்துவிட்டு, குழந்தைகளைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்திருந்தார். 2016 செப்டம்பர் 12 அன்று மீண்டும் புகை. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட லாரிகளும் பேருந்துகளும் எரிந்தன. நகரின் பல பகுதிகளில் ஊரடங்கு. இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 14 அன்று, கண்டீரவாவில் ஏ.எஃப்.சி. கோப்பை கால் இறுதி. சிங்கப்பூரின் டாம்பைன்ஸ் ரோவர்ஸ் அணியோடு மோதல்.

காலையில் அவர் சவரம் செய்துகொள்ளவில்லை. நீலத் துண்டை எடுத்து நாற்காலியில் போட்டார். மகன் அதை எடுத்துத் திரும்பவும் பீரோவில் வைத்தான். "இன்னிக்கு வேணாம்ப்பா" என்றான். அவ்வளவுதான். சாயங்காலம் பேத்தி போனில் ஸ்கோர் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். 1-0. ஜெயித்துவிட்டோம் என்று அவள் கத்த வாயெடுத்தபோது அம்மா ஜன்னலைச் சாத்தினாள். சொந்த ஊரின் வெற்றிக்கு ஜன்னலைச் சாத்த வேண்டியிருந்தது. அன்றைக்கு ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று மனைவி பிறகு சொன்னார்.

அக்டோபர் 19 அன்று மலேசியாவின் ஜோஹூர் தாருல் தாசிமுக்கு எதிரான அரை இறுதி. முதல் ஆட்டம் அங்கே 1-1. ஊர் அடங்கியிருந்தது. இந்த முறை மகன் தடுக்கவில்லை. ஆனால் வழக்கமான படியில் போய் நின்ற அவர் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் எப்போதும் நிற்கும் ராஜாஜிநகர் இளைஞன், ஒரு கன்னடப் பையன், திரும்பிப் பார்த்தான். "ஏன் சார், ஹோத மேட்ச்சுக்கு பரலில்லா?" என்று கேட்டான். போன ஆட்டத்துக்கு வரவில்லையே என்கிறான். "ஜொர" என்றார் அவர். காய்ச்சல். பையன் ஒரு நொடி அவரையே பார்த்தான். வேறொன்றும் கேட்கவில்லை. கையில் இருந்த கடலைக்காய்ப் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினான்.

ஜோஹூர்தான் முதலில் கோல் போட்டது. பிறகு சேத்ரி இரண்டு, ஹுவானன் ஒன்று. 3-1. ஆசிய அளவிலான ஒரு கிளப் கோப்பையின் இறுதிக்குப் போன முதல் இந்திய அணி என்று பத்திரிகைகள் எழுதின. கடைசி விசிலுக்குப் பிறகு 'நம்ம ஊரு' என்று படிகள் அதிர்ந்தபோது அவர் குரலும் அதில் இருந்தது. இருந்ததை அவரைத் தவிரப் பேத்தி மட்டும் கேட்டாள். அது எந்த மொழி என்று அவளும் சொல்ல முடியாது.

கண்டீரவா ஸ்டேடியம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் சம்பங்கி ஏரி. ஊருக்குத் தண்ணீர் தந்த ஏரி வற்றி மைதானமாயிற்று. ஓரத்தில் ஒரு சின்னக் குளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வருஷா வருஷம் கரக உற்சவச் சடங்குகளுக்கு இன்றும் அங்கேதான் வருகிறார்கள். ஏரி போன பிறகும் சடங்கு நிற்கவில்லை. 2025-ல் இந்த விஷயம் அவருக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் 12 அன்று கல்கத்தாவில் நடந்த ஐ.எஸ்.எல். இறுதியில் பெங்களூர் அணி கூடுதல் நேரத்தில் மோகன் பகானிடம் 2-1 என்று தோற்றது. அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஜூன் 4 அன்று, கண்டீரவாவுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள சின்னசாமி கிரிக்கெட் ஸ்டேடியத்தின் வாசலில், ஐ.பி.எல். வெற்றியைக் கொண்டாட வந்த கூட்டத்தின் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். மருமகள் அன்றே சொல்லிவிட்டார்: இனி கூட்டத்துக்குள் யாரும் போக வேண்டாம். ஜூலையில் வேறொரு செய்தி. ஐ.எஸ்.எல். போட்டியை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் டிசம்பரில் முடிவதால் அடுத்த பருவம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூர் கிளப் முதல்நிலை ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. வழக்கமாகப் பருவம் சூடு பிடிக்கும் அக்டோபர் வந்தது, நவம்பர் வந்தது. பந்து உருளவில்லை. போகவேண்டாம் என்று சொன்ன மருமகளுக்கே பாவமாகிவிட்டது. தினமும் சவரம் செய்துகொண்ட முகத்தோடு மாமனார் வீட்டில் உட்கார்ந்திருப்பதை அவரால் பார்க்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சவரப் பெட்டியைத் திறக்கவில்லை. "இன்னிக்கு என்ன மேட்ச்?" என்று பேத்தி கேட்டாள். "வா, காட்டறேன்" என்றார். குழந்தை ஏசுவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வழக்கமான பாதையில் நடந்தார்கள். அசோக் நகர் ஸ்டேடியத்தின் கேட்டில் உள்ளங்கையை வைத்தவர் அன்று நகரவில்லை. உள்ளே போனார்.

ஏதோ உள்ளூர் ஆட்டம். படிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆட்கள். ஆடுகிறவர்களின் வீட்டார், சில பழைய ஆட்டக்காரர்கள், தொப்பி போட்ட பயிற்சியாளர்கள். ஒரு அணியில் கௌதமபுரத்துப் பையன்கள் இருந்தார்கள். அல்சூரை ஒட்டிய அந்தத் தெருக்களில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா ஆகியோரோடு பீலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். கையில் கோப்பையோடு நிற்கிறார். 2022 டிசம்பரில் பீலே இறந்தபோது வீட்டுப் பெரியவர் போனதுபோல அந்தச் சிலைக்கு மாலை போட்டார்கள். அங்கே இன்றும் விடிவதற்குள் பந்துச் சத்தம் கேட்கும். ஆனால் நன்றாக ஆடினால் ஃபேக்டரி வேலை என்று இப்போது யாரும் பையன்களிடம் சொல்வதில்லை. பெரிய லீகுக்குப் போகலாம் என்றுதான் சொல்லி வந்தார்கள். அந்த ஆண்டு அதையும் சொல்ல முடியவில்லை. அப்படியும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் பழைய ஆஸ்டின் டவுன் படியைத் தேடி உட்கார்ந்தார். கடலைக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். பேத்தி நின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்து ஆட்டம் பார்த்து அவளுக்குப் பழக்கமில்லை. லெஃப்ட் பேக் ஒரு பந்தைத் தவற விட்டான். "டேய், தூங்கறியா?" என்று அவர் இங்கிருந்து கத்தினார். பையன் திரும்பிப் பார்த்தான். பேத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "தாத்தா, அப்படியெல்லாம் திட்டக்கூடாது."

"நம்ம பையன்தான். தெரிஞ்சுக்குவான்."

அவள் குனிந்து, அவர் பக்கத்தில் இருந்த சிமென்ட் படியில் இரண்டு உள்ளங்கைகளாலும் தட்ட ஆரம்பித்தாள். கண்டீரவாவில் முரசில் அடிக்கிற அதே தாளம். இரண்டு படி தள்ளி நின்றிருந்த சின்னப் பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். லெஃப்ட் பேக் அடுத்த பந்தை நெஞ்சில் வாங்கி, இரண்டு பேரைத் தாண்டி, கோட்டோரமாக ஓடினான்.

ஐ.எஸ்.எல். 2026 பிப்ரவரியில், ஆட்டங்களைக் குறைத்துக்கொண்டு, மறுபடி தொடங்கியது. நீலத் துண்டு பீரோவிலிருந்து வெளியே வந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அதை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். கௌதமபுரம் பையன் கோட்டோரம் ஓடி வந்தபோது அவர் கடலைக்காயைப் படியில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, எழுந்து நின்றார்.